சம்புக்கு மேலே

சனிக்கிழமை ராத்திரித் தறி நின்றதும்
பஞ்சு படிந்த தலையோடு நேரே குளத்துக்கு வருகிறேன்.
பொழுது கிளம்ப இன்னும் அரைமணி.
கார்த்திகைக் கூதல் சட்டைக்குள் கை விடுகிறது.
சூலூர்ப் பெரியகுளத்துக் கரையில்
கருணாம்பிகை எனக்கு முன்னமே நிற்கிறாள்,
கழுத்தில் மப்ளர், பைனாகுலர், ஆஸ்பத்திரி அடையாள அட்டை.
ரத்தம் பரிசோதிக்கிறவளுக்கு எண்ணுவது கைப்பழக்கம்:
நாமக்கோழி இருநூற்றுப் பத்து,
புள்ளிமூக்கு வாத்து முப்பத்தொன்று,
பாம்புத்தாரா ஒன்று, அதுவும் கழுத்து மட்டும்.

அவள் காதால் பறவை பார்ப்பவள்.
"சம்புக்குள்ள கதிர்க்குருவி, கேக்குதுங்களா?" என்பாள்.
எனக்குக் கேட்காது.
இருபத்திரண்டு வருஷம் எட்டுத் தறிக்கு நடுவில் நின்றவன்.
சன்னமான சத்தமெல்லாம் முதலில் போயிற்று,
பிறகு போனில் மகளின் குரல்,
பிறகு மழை தொடங்குவது.
தலையை ஆட்டிவைப்பேன். அவளுக்கும் தெரியும்.
நோட்டில் ‘இருவர் கேட்டது’ என்று எழுதமாட்டாள்.

குளம் ஒன்றும் அழகில்லை.
பாதி ஆகாயத்தாமரை.
கரைந்துபோன பிள்ளையாரின் சவுக்குச் சட்டத்தில்
நீர்க்காகம் இறக்கை காயவைக்கிறது.
ஒரு கீரி குப்பை மூட்டையை முகர்ந்துவிட்டு
எங்களைப் பார்த்தது,
இங்கே ஒன்றுமில்லை என்பதுபோலப் போய்விட்டது.

ஏழேகாலுக்கு, ஞாயிறென்றும் பாராமல்,
ஏர்போர்ஸ் விமானம் ஒன்று வானத்தைக் கிழித்தது.
அது எனக்குக் கேட்கும். பல்லில் கேட்கும்.
நாமக்கோழிகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகுதான் கண்டேன்:
அத்தனை கறுப்பு முதுகும் ஒருசேர
நடுக்குளத்துக்கு நகர்ந்தன,
யாரோ பாய் சுருட்டுகிற மாதிரி.
"வருது" என்றேன்.
"எங்கீங்க? எனக்கொண்ணும் கேக்கலையே."

சம்புக்கு ஒரு முழம் மேலே
இறக்கை இரண்டையும் சற்றே தூக்கிப் பிடித்து
சேற்றுப் பூனைப்பருந்து, பெட்டை.
உடம்பெல்லாம் டீத்தூள், தலையில் மட்டும் பாலாடை.
எந்தப் பனிக்குப் பயந்து கிளம்பியதோ,
எங்கள் சாக்கடை சேர்கிற மூலையில் வந்து
போய்த் திரும்பி, போய்த் திரும்பி
நாடா ஓடுவது மாதிரி ஓடிற்று.
சம்பு பாவு. அது போட்ட ஊடை கண்ணுக்குத் தெரியவில்லை.
நாலாவது ஓட்டத்தில்
இழை அறுந்த தறியாக நின்று
காலைத் தொங்கவிட்டு விழுந்தது.

எழுந்தபோது நகத்தில் ஒன்றுமில்லை.
கொஞ்சம் சம்புப்பஞ்சு காற்றோடு போனது.

கருணாம்பிகை என் சட்டைக் கையை இழுத்தாள்.
உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்:
"ஒரு சத்தமில்லீங்க. தவளைகூட வாய மூடிக்கிச்சு."
அப்படியென்றால்
அந்த ஒரு நிமிஷம்
குளம் முழுக்க என் காதுதான்.

பருந்து காங்கயம்பாளையம் பக்கமாகச் சரிந்து மறைந்தது.
அவள் நோட்டை விரித்து எழுதினாள்,
மணி, பெட்டை, இரை கிடைக்கவில்லை,
முதலில் கண்டவர்.
அங்கே பேனா நின்றது.
மூன்று குளிர்காலமாக ஏனுங்க, வாங்க என்றே
காலம் தள்ளியிருக்கிறோம்.
"நாட்ராயன்" என்றேன்.

எப்போதும்போல் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
பக்கத்துக் கல்லில் நின்ற மடையான் பறந்துவிட்டது.
அவள் சிரித்துக்கொண்டே
அதைக் கணக்கிலிருந்து அடிக்காமல் விட்டாள்.