கிலோமீட்டருக்கு ஏழு ரேண்ட்

சாட்ஸ்வொர்த்தில் மணி நாலரை. இன்னும் இருட்டு.
நாத்தனார் ஹாண்டில்பாருக்கு மஞ்சள் தடவி
சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்தாள்.
கிளப்புப் பையன்கள் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில்
பஞ்சு வைத்த கால்சட்டையோடு நிற்கிறேன் என்று
கோயில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.
சிரித்துவிட்டு, போன வாரமே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்:
கிலோமீட்டருக்கு இரண்டு ரேண்ட்,
கிலோமீட்டருக்கு ஏழு.
இறைச்சிக் கடை சூபையா மட்டும்
‘முடி, பார்க்கலாம்’ என்றார்.

பூவேந்திரா,
சட்டை முதுகில் உன் படம் அச்சடித்திருக்கிறார்கள்.
பின்னால் வருகிறவர்களுக்குத்தான் நீ தெரிகிறாய்.
எனக்கு வியர்வைதான் தெரிகிறது.

இருபத்தாறு வருஷம் நீ ஓட்டிய வழி.
சரியாகச் சொன்னால், அதன் பக்கத்து வழி.
உன் பெரிய ரோட்டில் சைக்கிளை விடமாட்டார்கள்.
பழைய ரோட்டில் மிதிக்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் லாரிகள்
ராத்திரியெல்லாம் நீ விடும் மூச்சுபோல.

வீடு திரும்பினால் உன் வாயில் ஒரே பதில்:
‘ரோடு பரவாயில்லை.’
பரவாயில்லையா?
மூயி ரிவர் தாண்டி இடப்பக்கம்
ஒரு மலைத்தொடர் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.
நீலமா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை.
இருபத்தாறு வருஷம் இதைப் பார்த்துவிட்டு வந்து
ரசம் இருக்கிறதா என்று கேட்டவன் நீ.

அல்லது ராத்திரியில் போனாய்,
பார்க்கவே இல்லை.
இதை இவ்வளவு நாள் நான் யோசிக்கவில்லை.

லாரிக்காரர்கள் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் பிடித்தேன்.
எங்கே, எதற்கு என்று கேட்டான்
ம்துன்சி என்று பெயர் சொன்ன டிரைவர்.
ஒரு டயாலிசிஸ் நாற்காலிக்கு என்றேன்.
வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம்,
பட்டியலில் பதினேழாவது ஆள் என்றேன்.
பதினாலு வரைக்கும் வந்தது என்றேன்.
அவன் கேள்வியை நிறுத்திக்கொண்டான்.
பையைத் துழாவி ஐம்பது ரேண்ட் எடுத்தான்.
‘ஒரு கிலோமீட்டர் என் பேரில் எழுது.
ஏற்றமாகப் பார்த்து எழுது.’

எழுதினேன்.
வான் ரீனன் ஏற்றத்தில் ஒன்று அவனுடையது.
எது என்று தெரியாததால்
எல்லாவற்றையும் அவனுடையதாகவே ஏறினேன்.
இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.
தள்ளினால் கணக்கில் வருமா என்று
சூபையா கேட்பார், கேட்கட்டும்.

மேலே போனதும் நிலம் தட்டையாகிவிட்டது.
காய்ந்த மக்காச்சோளம், மேலும் மக்காச்சோளம்.
வார்டன் பக்கத்தில் குறுக்குக் காற்று
என்னை ரோட்டோரப் புல்லில் கொண்டுபோய்ப் போட்டது.
முழங்கை தேய்ந்தது. கொஞ்சம் அழுதேன்.
முழங்கைக்குத்தான்.
அப்போது நினைவுக்கு வந்தது
நீ ரோட்டைப் பற்றிச் சொன்ன இன்னொரு வாக்கியம்,
தட்டில் கையை வைத்தபடி, யாரிடமோ போல:
‘காலி லாரிதான் காற்றில் ஆடும்.
சுமை இருந்தால் ரோட்டைப் பிடிச்சுக்கும்.’

ஆறாவது நாள்.
லெனேசியா மண்டபத்தில் மாலையும் மைக்கும் காத்திருக்க,
பையன்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு
சிட்டி டீப்புக்குத் திருப்பினேன்.
நீ சரக்கு இறக்கும் கேட்.
பெட்டிமேல் பெட்டியாகக் கப்பல் பெட்டிகள்,
நம் துறைமுகத்தின் துரு வாசனை.

காவலாளி நோட்டை நீட்டினான்.
வண்டி எண்? சைக்கிள் என்றேன்.
எங்கிருந்து? டர்பன்.
பேனாவை நிறுத்தி என்னை ஒரு தரம் பார்த்தான்.
சுமை?

பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்தான்.
பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.
அவனாகவே ‘காலி’ என்று எழுதப் போனான்.

இல்லை, என்றேன்.
திரும்பி நின்று
முதுகைக் காட்டினேன்.