ஒரு மணி நேரம், வார நாட்களில் மட்டும்

நீளக் கழியின் நுனியில் மஞ்சள் சாக்குக் கட்டி.
குனியாமலே டயரில் கோடு இழுக்கலாம்.
பதினோரு வருட வேலையில்
நகரமன்றம் என் முதுகுக்குச் செய்த ஒரே உபகாரம்.

மெல்போர்னின் வடக்கே லோமர் தெரு.
பிளேன் மரங்களின் வேர்கள் நடைபாதையைத் தூக்கியிருக்கும்.
பச்சைப் பலகையில் ஒரு மணி நேரம் என்றிருக்கும்.
அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டிகளுக்கு விலக்கு;
வீட்டுக்கு இரண்டு சீட்டு, அதற்கு மேல் கேட்டு அழுதாலும் கிடையாது.

வியாழன் மதியம் இரண்டு மணிக்குப்
பதினேழாம் எண்ணில் சீட்டாட்டம்.
வீட்டுக்காரி நீவெஸ் ஃபுர்லான்.
வருகிறவர்கள் மூவர்:
டிராம் ஓட்டி ஓய்ந்த டெஸ்மண்ட் ஹெய்க்,
ஸ்தமாத்தியா, இடுப்பில் புது மூட்டோடு ஓர்லா கீன்.
ஓர் ஆட்டம் முடிய ஒரு மணி நாற்பது நிமிடம்.
அவசரப்பட்டால் நீவெஸ் சீட்டைக் கவிழ்த்துவிடுவாளாம்.

ஆக, இரண்டு ஐம்பதுக்குக் கதவு திறக்கும்.
மூவரும் வருவார்கள்,
சீட்டை நெஞ்சோடு அணைத்தபடி,
நண்பர்கள்தான், ஆனாலும் நம்பிக்கை கிடையாது.
ஹெய்க்கின் பிக்கப் கொரோலா இருந்த இடத்துக்கு,
கொரோலா வெள்ளை காம்ரி இருந்த இடத்துக்கு,
காம்ரி ஒரு சுற்றுப் போய்விட்டு
பிக்கப் இருந்த இடத்துக்கு.
சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான்.
ஆனால் விதி தெளிவு: இடம் விட்டு நீங்கினால் கணக்கு புதிது.
என் மஞ்சள் கோடு டயரோடு உருண்டு
எங்கோ அடியில் போய் நசுங்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான்
பத்தொன்பதாம் எண் நர்ஸ் குல்னோஸா
இரவுப் பணித் தூக்கம் கலைந்து
செருப்பில்லாமல் வாசலுக்கு வருவாள்.
ஓர்லா அவளிடம் எலுமிச்சம்பழங்களைத் திணிப்பாள்.
எதிர்வீட்டுக் காலின் ப்ரூவெட்,
குப்பைத் தொட்டிக்கு ஒன்று, பால்கனிக்கு ஒன்று,
அந்த எலுமிச்சை மரக் கிளைக்கே ஒன்று என
ஆட்சேபக் கடிதங்களை எழுதித் தள்ளியவர்,
முறைத்துப் பார்க்கத்தான் வெளியே வருவார்.
வந்த கை சும்மா இருக்காது:
"இன்னும் கொஞ்சம், டெஸ், இன்னும்...
போதும், போதும்யா!"

நீவெஸ் மனு போட்டாள், இரண்டு மணி நேரம் வேண்டுமென்று.
பதினொரு கையெழுத்து.
எதிர்த்து ஒன்று; யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.
"போக்குவரத்து பெருகும்,
சுற்றுப்புற இதம் கெடும்."
சாலைக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் போட்டு
ஒரு வாரம் சக்கரங்களை எண்ணினார்கள்.
அந்த வாரத்து வியாழனில்
மூன்றே வண்டிகள் செய்த அமர்க்களம்
முப்பத்தெட்டுப் பக்க அறிக்கையில்
"விளக்க முடியாத உச்சம்" என்று வந்தது.
நான் வாய் திறக்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்துப் புதுப் பலகை. இரண்டு மணி நேரம்.

இப்போது இரண்டு ஐம்பதுக்குக் கதவு திறப்பதில்லை.
உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, அவ்வளவுதான்.
குல்னோஸா தூங்குகிறாள் போல; நல்லது.
ப்ரூவெட் வெளியே வந்து
தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்,
மூடுகிறார், மறுபடி திறக்கிறார்.

போன வியாழன் என்னை நிறுத்திக் கேட்டார்:
"பலகையைப் பழையபடி மாற்ற
யாரிடம் எழுத வேண்டும்?"
பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.
என் கழியையே கட்டையாய்ப் பிடித்து
அதன் மேல் வைத்து நிரப்பினார்:
பெயர், கதவு எண், தொலைபேசி.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
ஒரு டிராம் மணியடித்துக் கடந்துபோகும் வரை நின்றது.
பிறகு படிவத்தை நான்காய் மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு
"காற்று குளிர்கிறது" என்றார்.
ஜூலையில் வேறென்ன செய்யும்.

மூன்று நாற்பதுக்கு ஆட்டம் முடிந்தது.
கதவுகள் சாத்தும் ஓசை, மூன்று இன்ஜின்கள்,
யாரும் யாருக்கும் கைகாட்டத் தேவைப்படவில்லை.
நகரமன்றம் மனமிரங்கித் தந்ததில்
செலவாகாத இருபது நிமிடம்
காலியான மூன்று இடங்களிலும்
பிளேன் இலைகளோடு கிடந்தது.
அதற்கு நான் சீட்டு எழுத முடியாது.