ஐந்தாம் இரவுக் கூட்டக் குறிப்பு

சங்கக் கட்டடத்தில் இரும்பு அடுப்பு புகைகிறது.
விறகு ஈரம். சட்டை, சுவர், எல்லாமே ஈரம்.
சிலோயே தீவில் ஆகஸ்டில்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை;
விட்டால்தான் சொல்வார்கள்.

நான் செயலாளர்.
இந்த நோட்டில் நான் எழுதுவதெல்லாம்
படகுத்துறைப் பலகை, தண்ணீர்க் குழாய்,
கோயில் கூரைக்கு எத்தனை மரச்செதில் என்பதுதான்.
இன்று தேதி போட்டேன்.
வந்தவர்கள்: நாற்பத்து மூன்று.
அப்புறம் பேனா நகரவில்லை.

அமாரோ. ஏழு வயது. மஞ்சள் ரப்பர் பூட்ஸ்.
செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு
தப்பிப்போன ஆட்டுக்குட்டியைத் தேடிப் போனான்.
ஆட்டுக்குட்டி ஐந்து மணிக்குத் திரும்பிவிட்டது.

பள்ளியிலிருந்து கொண்டுவந்த வரைபடம்.
தேடிய இடத்துக்கெல்லாம் சிவப்புப் பென்சில்.
பள்ளத்தாக்குப் பக்கம் சரியாகப் பார்க்கவில்லை
என்றார் மன்சீயா.
ஓயார்சோ எழுந்து நின்றார்.
பதில் சொல்லாமல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.
முள் கிழித்த கோடுகள்,
வரைபடத்தைவிடச் சிவப்பாக.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
மீன் பண்ணைக்கு வெளியூர் ஆட்கள் வருகிறார்களே,
அவர்களை யாராவது விசாரித்தார்களா?
ஜன்னலோரம் வெளியூர்க்காரன் ஒருவன் இருந்தான்.
நான்கு இரவும் ஷிப்ட் முடிந்து
நேரே காட்டுக்கு வந்தவன்.
தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை.
எழுதவில்லை என்பதை இப்போது எழுதுகிறேன்.

முக்குளிப்பவர் எராஸ்மோ
அலை அட்டவணையைக் கையில் சுருட்டியபடி பேசினார்.
புதன்கிழமை அமாவாசை.
கடல் ஏழு மீட்டர் ஏறி இறங்கும்.
நீர் வற்றும்போது சேற்றுத்திட்டு முழுக்கத் தெரியும்.
அப்போது அவனைப் பார்த்துவிட்டால்,
எப்படி அதை மேலே...

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
நோட்டில் 'அவனை' என்றே எழுதினேன், இரண்டு இடத்திலும்.

டெல்மிரா கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.
அடுப்புப் பக்கம் வா என்று ஐந்து இரவாகச் சொல்கிறோம்,
வர மாட்டாள்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
'பூட்ஸ் அண்ணனுடையது' என்றாள்.
'ஒரு அளவு பெரிது.
நுனியில் செய்தித்தாள் அடைத்துவிட்டேன்.
சேற்றில் சட்டென்று கழன்றுகொள்ளும்.
ஒற்றைப் பூட்ஸ் கிடைத்தால்
அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.'

புதன்வரை காடு, அதன்பிறகே கடல்.
ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்.
எண்ணினேன். ஒரு கை அதிகம்.
டெல்மிரா சந்தா கட்டி மூன்று வருஷம் ஆகிறது,
விதிப்படி அவளுக்கு வாக்கில்லை.
மேலே போய் நாற்பத்து மூன்றை அடித்து
நாற்பத்து நான்கு என்று திருத்தினேன்.

விசில் ஆறு வேண்டும். பாட்டரி போதாது.
காலை ஐந்துக்கு ரொட்டியும் தெர்மாஸும்
பர்ரியா வீட்டிலிருந்து.

கிளம்பும்போதுதான் அந்த விஷயம் வந்தது,
யார் சொல்வது என்று எல்லோரும் தயங்கிய விஷயம்.
ஆட்டுக்குட்டி ராத்திரியெல்லாம் கத்துகிறது.
காட்டில் விளக்கோடு போகிறவர்கள்
கத்தும்போதெல்லாம் நின்றுவிடுகிறார்கள்.
திரும்பி ஓடுகிறார்கள்.
நேற்று மட்டும் மூன்று முறை.

யாராவது அதைத் தூரமாகக் கொண்டுபோங்கள் என்றாள் டெல்மிரா.
கொல்லாதீர்கள். அவன் கேட்பான்.

மீன் பண்ணைக்காரன் எழுந்தான்.
மஞ்சள் விளக்கில்
ஜாக்கெட்டுக்குள் அதைச் சுருட்டி எடுத்து
லாரியில் ஏறினான்.
மேட்டுப் பாதை முழுக்க அது கத்திக்கொண்டே போனது,
வளைவு வரை, வளைவு தாண்டியும் கொஞ்சம்.

வாசலில் நாற்பத்து மூன்று பேர் நின்றோம்.
யாரும் டார்ச்சைப் போடவில்லை.
தகரத்தில் மழை.
அதற்குப் பின்னால் வேறு ஏதாவது
கேட்கிறதா என்று.