வெறும் லோரி எடை

பலகையில் பெஸ்தாரி ஜெயா.
லோரிக்காரர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.
செம்பனை ஆலையின் வாசலில், எடைமேடையை ஒட்டி,
குளிரூட்டி ஒழுகும் ஒரு கண்ணாடி அறை எனக்கு.
நிறைந்து வரும்போது ஓர் எடை,
காலியாய்ப் போகும்போது ஓர் எடை,
நடுவில் இருப்பதுதான் காசு.
இரவு பதினொன்று. கைப்பேசியைத்
தண்ணீர்ப் புட்டியில் சாய்த்திருந்தேன்.
அதற்குள் ஏதோ ஒரு பாலைவனத்தில் காலை.

சரக்கு விமானம் ஒன்று விண்வெளிக்குப் போய்த்
திரும்பிக்கொண்டிருந்தது.
முதல் சோதனை ஓட்டம். ஆள் இல்லை.
சரக்கும் சரக்கில்லை, வயிறு நிறைய இரும்புக் கட்டிகளாம்,
எடைக்கு எடை.
இது எனக்குப் புரியும்.
வருடம் ஒருமுறை அளவைத் துறை ஆட்களும்
கட்டி கட்டியாய் இரும்பு கொண்டுவந்துதான்
என் மேடையைச் சோதிப்பார்கள்.
இரும்பு அழுகாது. வழியில் உதிராது.
மழையில் நனைந்து ஏமாற்றாது.

பதினேழாயிரத்து எண்ணூற்று நாற்பது.
சீட்டுக்குக் கை நீட்டிய குணாளன்
கண்ணைக் கைப்பேசியில் வைத்திருந்தான்.
"யாரு ஓட்டுறா?"
யாருமில்லை என்றேன்.
"அப்ப ஓவர்டைம் யாருக்கு?"
சிரித்துக்கொண்டே போய்க் குலைகளைக் கொட்டிவிட்டு
வெறும் லோரியோடு வந்தான்.
அதுவும் வந்துகொண்டிருந்தது,
மூக்கு கருகி, சுட்ட கத்தரிக்காய் மாதிரி.

சக்கரம் தரையைத் தொட்டதும்
கண்ணாடியில் விரலால் குத்தினான்:
"பின்னால, வலது. டயர் போச்சு."
வர்ணனையாளர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.
எட்டு நொடி கழித்துத்தான்
அவர்கள் கண்ணுக்குப் புகை தெரிந்தது.
"செலுப் டயரா இருக்கும்,"
என்றான், ஆயுசு முழுக்கச் செலுப் டயரில் ஓடுகிறவன்.
கோணலாக இழுத்துக்கொண்டு போய்
நின்றது.

நின்றது, அவ்வளவுதான்.
கதவு திறக்கவில்லை. யாரும் கையசைத்து இறங்கவில்லை.
வெள்ளை உடுப்பில் நாலு பேர் தூரத்தில் நின்று
ஆறட்டும் என்று காத்திருந்தார்கள்.
மறுபடி போகும், மறுபடி வரும், நூறு தடவை தாங்கும் என்று
திரையின் அடியில் எழுத்து ஓடியது.
"அதை யாரு கழுவுவா?" என்றான் குணாளன்.
அதற்கு எழுத்து ஓடவில்லை.

அவன் லோரி மேடையில்.
ஏழாயிரத்து இருநூறு.
போன வாரம் வரை ஏழாயிரத்து இருநூற்று அறுபது.
"டீசல் கம்மியா?"
கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவன் பக்கத்து இருக்கையைப் பார்த்தான்,
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்,
போனான்.

ரஃபிக்குல். குலை ஏற்றுகிறவன்.
பெர்மிட் முடிந்து வெள்ளிக்கிழமை டாக்காவுக்கு.
இனி வர முடியாதபடி கடப்பிதழில் முத்திரை.
முந்தின இரவு பெட்டியைத் தோளில் தூக்கிவந்து
இந்த மேடை நடுவில் வைத்தான்.
முப்பது கிலோ தாண்டினால் காசு கேட்பார்களாம்,
பாருங்கள் காக்கா என்றான் அவனுடைய மலாயில்.

என் மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்.
இருபது என்றது.
நாற்பது என்றது.
பூட்டைத் திறந்து ஒரு போர்வையை எடுத்தான்.
இருபது.
நின்று யோசித்துத் திரும்ப வைத்தான்.
நாற்பது. இருபது. நாற்பது.
சரியாகத்தான் இருக்கும், போ, என்றேன்.