பதினொரு நீல மணிகள்

ஃபிதென்சியோவோடு நான் பேசி ஏழு வருஷம்.
எல்லைக்கல்லை ஒரு முழம் நகர்த்தினான் என்று நான்.
நகர்த்தியது மழைதான் என்று அவன்.
வஹாக்கா மலையின் இந்தச் சரிவில்
மேட்டில் அவனுடைய நீலச் சோளம்,
பள்ளத்தில் என் வெள்ளை.

ஆகஸ்டில் பயிரின் உச்சிகளில் குஞ்சம் விரிந்தது.
இடுப்பில் கதிர்கள் உறைக்கு வெளியே
ஈர இழைகளை நீட்டிக்கொண்டு நின்றன.
இழைக்கு ஒரு சூல், சூலுக்கு ஒரு மணி.
கூட ஒன்று கேட்டாலும் கிடைக்காது.
அன்று காற்று எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.
பீன்ஸ் கொடி கட்டிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் ஒரு கதிரை உரித்தேன்.
மூன்று நாள் மழையில் தூள் வந்து சேராத பக்கம்
பல் விழுந்த வாய்.
மறுபக்கம் வெள்ளைக்கு நடுவே
பதினொரு நீலம்.

"தகப்பன் நிறம் அதே வருஷம் மணியிலேயே தெரிந்துவிடும், ஒளிக்க முடியாது"
என்று சிரித்தாள்
விவசாயக் கல்லூரி விடுமுறையில் வந்திருந்த எர்மெலிந்தா.
இழையில் ஒட்டிய துகள்
ஈரம் குடித்து ஒரு குழாய் விடுமாம்.
இழைக்குள்ளேயே ஒரு சாண், ஒரே நாளில்.
உள்ளே இரட்டையர் இருவர்.
நீந்தத் தெரியாதவர்கள், குழாய்தான் சுமக்க வேண்டும்.
சூலின் வாசலில் குழாய் வெடித்ததும்
ஒருவன் முட்டையோடு கலந்து கருவாகிறான்,
அடுத்த பயிர் அவன்.
மற்றவன்
அங்கே ஏற்கெனவே இருவராய்க் காத்திருந்தவர்களோடு
மூன்றாவதாகச் சேர்ந்து மாவாகிறான்.
முளைக்க மாட்டான்.
கூடப்பிறந்தவன் முளைக்கும்வரை
தின்னக் கிடப்பான்.
இந்த நீலம் அவன் பூசியது.

கையில் தோர்த்தியா இருந்தது.
நாற்பத்தாறு வருஷமாக நான் தின்றது
யாரை என்று அப்போதுதான் தெரிந்தது.
கொஞ்ச நேரம் மெல்லவில்லை.
பிறகு மென்றேன். பசி.

கதிரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.
சண்டைக்குத்தான்.
ஃபிதென்சியோ வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பதினொன்று" என்றான்.
தன் குவியலிலிருந்து ஒரு கதிரை எடுத்து நீட்டினான்.
முழுக்க நீலம்.

"இதிலும் உன்னுடையது வந்திருக்கும்.
நீலத்துக்குள் வெள்ளை தெரியாது.
இதை விதைத்து, விளைந்ததை உரித்தால்
அப்போது தெரியும்."

இரண்டு கதிர்களோடு இறங்கி வந்தேன்.
பதினொன்றையும் உதிர்த்து மத்தி மீன் டப்பாவில் போட்டிருக்கிறேன்.
அரைக்கவும் மனமில்லை,
விதைக்கவும் இன்னும் முடிவில்லை.
கல்லைப் பற்றி
அவனும் பேசவில்லை, நானும்.