துணைக் கை

மார்ச்சிலும் இதே கூடம்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் இதே மடக்குமேசை,
நூலில் கட்டிய இதே பென்சில்.
கவுன்சிலுக்கு இடைத்தேர்தல்.
டோர்மட்டின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தாள் இஷ்பெல்.
பதினாறு முடிந்து பத்தொன்பது நாள்.
சால்மன் பண்ணையின் ரப்பர் பூட்ஸைக் கழற்றாமல் வந்திருந்தாள்,
தரையெங்கும் செதில்.

டோர்மட்டுக்குக் கண்ணின் நடுவே ஒரு புகைவட்டம்.
ஓரங்கள் மட்டும் தெரியும்:
கதவின் விளிம்பு, நாயின் வால்,
கடல் எந்தப் பக்கம் என்பது.
பெயர்களையோ நடுவில்தான் அச்சடிக்கிறார்கள்.
ஒரு படிவம் நிரப்பினேன்.
மகள் அவருக்குக் கை ஆனாள்.
அவர் காதோடு சொல்லச் சொல்ல
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டாள்.
பிறகு தனக்கும் போட்டாள்.
போகும்போது, நான் கேட்காமலே,
"அந்த ஆளோட நாய் நல்ல நாய்" என்றாள்.

இரவு மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.
இதுகளுக்கெல்லாம் ஓட்டு, என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
"நீங்கள் ஏன் அந்தக் கட்சிக்கே போடுகிறீர்கள்?"
அப்பா போட்ட கட்சி, என்றேன்.
முப்பத்து நான்கு வருடமாக.
அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது ஜூலை.
லண்டனுக்கு ஆள் அனுப்பும் தேர்தல்.
மார்ச்சில் யாரும் முகம் கேட்கவில்லை,
இன்று படம் ஒட்டிய அட்டை வேண்டும்.
இருபது வருடம் என் பக்கத்து வீட்டில் இருக்கும் டோர்மட்
தன் அட்டையை நீட்டினார்.
முகத்தைப் பார், படத்தைப் பார். பார்த்தேன்.
அவரால்தான் என்னைப் பார்க்க முடியவில்லை.

இஷ்பெலிடம், உனக்கு இல்லை, என்றேன்.
"தெரியும். அப்பாவுக்காக வந்தேன்."
அதுவும் இல்லை, என்றேன்.
இந்தத் தேர்தலில் கைக்கும் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும்.
கையேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
ஒரு முறை படித்தாள், என்னைவிட வேகமாக.
இன்னொரு முறை, மெதுவாக.
"மார்ச்சில் இந்தக் கைக்கு என்ன வயசு?"

கையைப் பார்த்தேன்.
கட்டைவிரலில் கத்தி கீறிய பழைய கோடு.
சம்பளத்தில் வரி பிடிக்கிறார்கள், அதற்கு இந்தக் கை போதும்.
நாளைக்கே மோதிரம் மாட்டிக்கொள்ளலாம்,
யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.
பதினாறுக்குப் பக்குவம் உண்டா என்றால் எனக்குத் தெரியாது.
என் மகன் பதினாறில்
பாதிரியாரின் காரை ஏரிக்குள் விட்டவன்.
இப்போது நாற்பது. வாக்குச்சாவடிப் பக்கமே வருவதில்லை.

அவள் வெளியே போய்ச் சுவரில் உட்கார்ந்தாள்.
தலைமை அலுவலர் ஷோனாக் தடுப்புக்குள் நின்று
பெயர்களைத் தணிந்த குரலில் வாசித்தார்.
டோர்மட் கேட்டார்:
"படகு நேரத்துக்கு வரும்னு சொன்னவன் இதில் எவன்?"
அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை, என்றார் ஷோனாக்.
"இஷ்பெலுக்குத் தெரியும்."
அதற்கும் அவரிடம் பதில் இல்லை.
"நீங்கள் சொல்லுங்கள், நான் போடுகிறேன்."
"வேண்டாம். பென்சிலைக் கொடு."

தலையைச் சாய்த்து,
கண்ணின் கடைசி ஓரத்தால்
தாளைத் தேடினார்.
பென்சில் நீளமாக இழுபடும் சத்தம், இரண்டு முறை.
பெருக்கல் குறி எங்கே விழுந்ததென்று
ஊர் கூடி எண்ணும் இடத்தில் யாரோ பார்ப்பார்கள்,
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
கட்டத்துக்குள்ளா வெளியா என்று.

பத்து மணிக்குப் பெட்டிக்கு முத்திரை வைத்தோம்.
சட்டப்படி நாள் முடிந்தது.
ஜன்னலில் இன்னும் பகல்,
செய்தித்தாள் படிக்கலாம் போல.
கூடத்தைப் பெருக்க வேண்டியது என் வேலை.
வாசலிலிருந்து என் மேசை வரை
மினுமினுவென்று செதில்.
மேசைக்கு அந்தப் பக்கம்
தரை சுத்தமாக இருந்தது.