மணிக்கு முந்நூறு ரூபாய்

ஆறு கல்லூரிகளும் ஒரு வெள்ளி வியாபாரிகள் சங்கமும்
பங்கு போட்டு வாங்கிய கருவி.
யார் பெயரை முதலில் எழுதுவதென்று தகராறாகி
கடைசியில் வெறும் எண்ணை ஒட்டினார்கள்.

கருப்பூர்ச் சாலையில் இறங்கி
புரோட்டாக் கடைச் சந்தில் திரும்பினால்
நான் இருக்கும் அறை.
வெளியே நூற்றைந்து டிகிரி வெயில்.
உள்ளே இருபத்திரண்டைத் தாண்டினால்
கருவி சிணுங்கும்.
சேலத்திலேயே குளுகுளு உத்தியோகம் உங்களுக்குத்தான்
என்பாள் என் மனைவி,
சம்பளத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல்.

எதை வைத்தாலும் ஊடுகதிர் விட்டு
உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும்.
கொண்டுவந்தவர் யாரென்று கேட்காது.
அதை நான் கேட்டு ஏட்டில் எழுதுவேன்.

ஆத்தூர் அர்த்தனாரி, ஜவ்வரிசி ஆலை.
பால் மாதிரி வெளுப்பு சார்,
கலப்படம் இல்லைன்னு ஒரு தாள் போதும் என்றார்.
கருவி குளோரின் என்றது.
அவர் என்னைப் பார்த்தார்,
நான் தாளைப் பார்த்தேன்.
அடுத்த மாதம் மறுபடி வந்தார்
கொஞ்சம் மங்கலான ஜவ்வரிசியோடு.

நாகலூரிலிருந்து இருவர், மிளகுத் தோட்டத்து மண்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
மடியிலேயே வைத்து இறங்கியதால்
பொட்டலத்தில் இன்னும் உடம்புச் சூடு.

அந்த வியாழக்கிழமை
பன்னிரண்டு முதல் மூன்று வரை
ஆராய்ச்சி மாணவி மெஹராஜுக்கு.
நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம்.
வெள்ளைக்கல் சுரங்கத்துக் கழிவை
இருபத்தாறு குப்பியில் அடைத்து
எண் எழுதி வைத்திருந்தாள்.

ஒரு மணிக்குக் கதவைத் தட்டியவர் வசந்தாமணி.
சிவதாபுரம். கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு.
கையில் மாத்திரை டப்பா, அதற்குள் பொடி.
"இதை ஊதுற எல்லாருக்கும் இருமல்.
முதலாளி தூசிங்கறாரு.
டாக்டர் பீடியான்னு கேக்கறாரு.
எங்க ஆறு பேர்ல யாரு பீடி குடிக்கறது?"
மேசையில் ஐம்பது ரூபாய்த் தாள்கள், ஆறு.

முன்பதிவின்றி மாதிரி ஏற்கப்படமாட்டாது.
அந்தத் தாளைச் சுவரில் ஒட்டியவன் நானே.
மெஹராஜ் அதைப் படித்தாள்,
தன் குப்பிகளை ஒருமுறை எண்ணினாள்.
"என் நேரத்துல ஒரு மணி எடுத்துக்கோங்கண்ணே."

திரையில் சிகரங்கள் எழுந்தன.
செம்பு. துத்தநாகம். வெள்ளி.
வெள்ளியின் தோளை உரசியபடி இன்னொன்று,
நாற்பத்தேழுக்கு அடுத்த வீடு நாற்பத்தெட்டு,
காட்மியம்.

"அது நல்லதா?" என்றார் வசந்தாமணி.
எனக்கு வாய் வரவில்லை.
மெஹராஜ் நாற்காலியை நகர்த்திப் போட்டு
அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

சங்கச் செயலாளர் போன் செய்தார்:
நம்ம மெஷின்லயே நமக்கு எதிராவா?
ஏழில் ஒரு பங்கு உங்களுடையது சார் என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
அன்று அளந்ததும்
ஏழில் ஒரு பங்கு நேரம்தான் என்றேன்.
கணக்குத் தப்பு. அவர் கவனிக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு பையன் வந்தான்,
பெயர் எழுதாத நாலு குப்பிகளோடு.
யார் அனுப்பியது?
சொல்லக் கூடாதுன்னாங்க.
கட்டணம் மட்டும் சங்கத்துக் கவரில் இருந்தது.
நாலில் மூன்றில் அந்தச் சிகரம் இல்லை.
எந்தப் பட்டறைக்கு எந்தக் குப்பி போனதோ,
சிவதாபுரத்தில் இருமல் நின்றதோ,
என் ஏட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

மெஹராஜின் ஒன்பது குப்பிகள் மிச்சம்.
அடுத்த முறை வர இரண்டு மாதம் ஆனது.
ஆய்வேடு தள்ளிப்போனது,
வழிகாட்டி திட்டினாராம்.
வந்தவள் குப்பிகளை அடுக்கிக்கொண்டே
அந்த அக்கா வந்தாங்களா என்று கேட்டாள்,
இல்லை என்றதும் வேலையைப் பார்த்தாள்.

மார்ச் மாதத் தணிக்கைக்கு வந்தவர்
அடித்துத் திருத்திய வரியில் விரலை வைத்தார்.
பதிவு ஒருத்தர் பேரில், பணம் வேறொருத்தர்.
இந்த ஒரு மணி யார் கணக்கு?

ஏட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
மெஹராஜ் என்பதை அடித்து
வசந்தாமணியும் ஐவரும் என்று
என் கையெழுத்திலேயே இருந்தது.

பொதுக் கணக்கு சார் என்றேன்.
அப்படி ஒரு தலைப்பு இல்லை என்றார்.
பிறகு பேனாவை எடுத்து
அவரே ஒரு கோடு போட்டார்.